கொம்பு இடம் மாறினால், ஓரம் வெட்டுப்பட்டால்: ரங்கூனில் அச்சுக்குக் கோப்பு கொடுப்பவர்களுக்கு

ரங்கூனில் ஒரு கல்யாணப் பத்திரிகை அடிக்க மூன்று எழுத்து வேண்டியிருக்கிறது. பெரியவர்களுக்குத் தமிழ், பக்கத்து வீட்டாருக்கும் வேலையிடத்து நண்பர்களுக்கும் பர்மியம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம். ஆனால் நான் கோப்பு கொடுக்கிற அச்சகங்களில் அச்சுத் தகடான பிளேட் போடுகிறவர், மெஷினில் நிற்கிறவர், தாள் வெட்டுகிறவர் யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. பர்மிய வரியில் பிழை இருந்தால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டுப் போன் வந்துவிடும். தமிழில் ‘கோயில்’ உடைந்து நின்றால் அவர்களுக்கு அது ஒரு கோலம் மாதிரிதான். ஐநூறு பிரதியும் அப்படியே ஓடி முடிந்துவிடும்.

ஆகவே நாம் அனுப்புகிற கோப்பில் அச்சகத்துக் கணினி தானாகப் புரிந்துகொள்ள வேண்டியது என்று எதையும் விட்டுவைக்கக் கூடாது. கீழே கோளாறு கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அதையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் கோப்பில் தெரிவது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். எழுத்துக் கோளாறுகளுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். நிறம் கொஞ்சம் மங்கினால் மன்னிப்பார்கள். தாத்தா பெயர் தப்பாக அச்சானால் வருஷக்கணக்கில் பேசுவார்கள்.

கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது

‘பெருமாள்’ என்று அடித்திருக்கிறீர்கள். திரையில் முதலில் ‘ப’ தெரிகிறது, அடுத்து கொம்பு, அதன் பின் ‘ரு’. கொம்பு ‘ரு’வுக்கு உரியது போல ஒட்டி நிற்கிறது. ‘கோயில்’ என்பதில் இரட்டைக் கொம்பும் காலும் சேர்ந்து ‘க’வுக்குப் பின்னால் குவிந்து கிடக்கின்றன.

காரணம் இதுதான். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோடில் கணினி ‘பெ’ என்பதை முதலில் ப, பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கிறது. அதைக் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டு வருவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருள் சேமித்த வரிசையிலேயே கொட்டிவிடும். நீங்கள் அடித்ததில் தப்பில்லை, எழுத்துருவும் பெரும்பாலும் நல்லதுதான். அமைப்பை மாற்றினால் போதும்.

வடிவமைப்பு மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸ் போய், டைப் என்ற பகுதியில் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ என்பதை இயக்குங்கள். பிறகு வரிகளைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பலகையின் மூலையில் உள்ள சிறு பட்டியலைத் திறந்து, ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ என்று தொடங்கும் கம்போசரை, அதாவது எழுத்தை வரியில் அடுக்கும் முறையை, தேர்ந்தெடுங்கள். இன்டிசைனில் அதே பாராகிராஃப் பட்டியலில் ‘வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்று இருக்கும். பல ஆண்டுகளாகப் புழங்கும் பழைய ஃபோட்டோஷாப் என்றால் பிரிஃபரன்சஸில் டைப் பகுதியில் தெற்காசிய எழுத்துக்கான தேர்வை இயக்கிவிட்டு, மென்பொருளை மூடித் திறந்து, எழுத்தைப் புதிதாக ஒட்டுங்கள். பேஜ்மேக்கரில் இதற்கு வழியே இல்லை. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதற்கு யூனிகோடே தெரியாது. பேஜ்மேக்கரில் அடித்துக் கொடுக்கிற கடையில் யூனிகோடு தமிழைக் கொண்டுபோய்ப் போராட வேண்டாம். இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபீஸ் இரண்டும் இலவசம், இரண்டிலும் கொம்பு ஒழுங்காக நிற்கும்.

கம்போசரை மாற்றிய பிறகும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை என்று பொருள். நிர்மலா, லதா, நோட்டோ தமிழ் இவற்றில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

எந்தப் புதுக் கோப்பைத் தொடங்கினாலும் நான் முதலில் ஒரு சோதனை வரி அடித்துப் பார்ப்பேன்: கொக்கு, பெருமாள், கோயில், கௌரி, ஸ்ரீ, க்ஷேமம். ஆறும் சரியாக நின்றால் மேலே வேலை செய்யலாம். ஒன்று தடுமாறினாலும் அங்கேயே நிறுத்திச் சரிசெய்துவிட வேண்டும். முழுப் பத்திரிகையும் அடுக்கி முடித்த பிறகு கம்போசரை மாற்றினால் வரிகள் நகர்ந்து, மறுபடி முதலிலிருந்து அடுக்க வேண்டியிருக்கும்.

இதிலேயே இன்னொரு கோளாறு ஒளிந்திருக்கிறது. ‘கௌரி’ என்ற பெயரைப் பலர் கெ, ள, ரி என்று மூன்று எழுத்தாக அடித்துவிடுகிறார்கள். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். எழுத்து இடைவெளியைக் கொஞ்சம் கூட்டியதும் ‘ள’ தனியாக விலகி, பெயர் ‘கெளரி’ ஆகிவிடும். ‘கௌ’வுக்குப் பின்னால் கர்சரை வைத்துப் பேக்ஸ்பேஸ் ஒருமுறை தட்டுங்கள். ‘க’ மட்டும் மிஞ்சினால் சரியாக அடித்திருக்கிறீர்கள். ‘கெ’ மிஞ்சினால் ள போட்டு ஏமாந்திருக்கிறீர்கள்.

தமிழ் வரி முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது

பழைய பாமினி எழுத்துரு. போன வருஷத்துத் திருவிழா நோட்டீஸைத் திறந்து தேதியை மட்டும் மாற்றலாம் என்று நினைக்கும்போது இது வரும். பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் என்பது வெறும் வேஷம். அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துரு மேலே தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. அதில் மெய்யெழுத்துப் புள்ளிக்கு அரைப்புள்ளிச் சாவி. அதனால்தான் எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மன்’ என்ற சொல்லுக்கு நடுவில் அரைப்புள்ளி முளைக்கிறது.

அதே எழுத்துருவை நிறுவினால் மீண்டும் தமிழாகும். ஆனால் நான் சொல்வது, ஒருமுறை உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பாமினியிலிருந்து மாற்றித் தரும் இணையக் கருவிகள் நிறைய இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒவ்வொரு வரியையும் படியுங்கள், முக்கியமாக ஆங்கிலச் சொல்லும் எண்ணும் கலந்த வரிகளை. வரியில் நடுவே இருந்த ஆங்கிலப் பெயரையும் கருவி தமிழ் என்று எண்ணி மாற்றிவிட்டிருக்கும்.

பர்மிய வரியில் குறிகள் இடம் மாறி, வட்டங்கள் கூடுதலாக முளைத்திருக்கின்றன

தமிழ் அறிந்தவருக்கு இது புதிய நோயில்லை. பர்மியத்திலும் நம் கொம்பு போல ஒரு எகரக் குறி உண்டு. மெய்க்கு முன்னால் எழுதப்படும். யூனிகோடில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும். பர்மியத்துக்குப் பழைய முறையான ஸோஜி எழுத்துரு அதைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே, அதாவது முன்னாலேயே, சேமித்தது. அதோடு நிற்காமல் யூனிகோடு பர்மியத்துக்கும் சிறுபான்மை மொழிகளுக்கும் ஒதுக்கிய அதே இடங்களில் தன் விருப்பப்படி வேறு உருவங்களையும் வைத்துக்கொண்டது. இரண்டும் ஒரே இடத்தில் குடியிருப்பதால், எது எந்த முறையில் அடித்தது என்று கணினியால் உறுதியாகச் சொல்ல முடியாது. பாமினியிலாவது ஆங்கிலமாகத் தெரிந்து நம்மை எச்சரிக்கும். ஸோஜி முக்கால்வாசி சரியாகத் தெரிந்து ஏமாற்றும்.

2019 அக்டோபர் 1 முதல் நாடு முழுக்க யூனிகோடு என்று முடிவானது. ஆனாலும் பழைய கோப்பு, பழைய போன், பழைய பழக்கம் இன்னும் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் மெசெஞ்சரில் அனுப்பிய பர்மிய முகவரி எந்த முறையில் வந்தது என்று முதலில் பாருங்கள். அந்த வரியைப் பியிடவுங்சு போன்ற யூனிகோடு எழுத்துருவில் போடுங்கள். ஒழுங்காக நின்றால் யூனிகோடு. குறிகள் சிதறினால் ஸோஜி. ராபிட் கன்வர்ட்டர் போன்ற கருவியில் மாற்றிக்கொள்ளலாம். ஒரே பத்தியில் இரண்டும் கலந்திருந்தால் வரிவரியாகப் பிரித்து மாற்றுங்கள். முழுப் பத்தியையும் ஒரே தடவையில் போட்டால் முன்பு சரியாக இருந்த வரியும் கெட்டுவிடும்.

எண்களை மட்டும் தனியாகப் பாருங்கள். பர்மியத்தில் சுழியம் என்ற எண்ணும் ‘வ’ எழுத்தும் ஏறக்குறைய ஒரே வட்டம். ஏழு என்ற எண்ணும் ‘ர’ எழுத்தும் அப்படித்தான். அவசரத்தில் அடிப்பவர்கள் எண்ணுக்குப் பதில் எழுத்தைத் தட்டிவிடுவார்கள். பூக்குழித் திருவிழா நோட்டீஸ் ஒன்றில் நானே இதைக் கவனிக்காமல் விட்டேன். என் கணினியில் இருந்த எழுத்துருவில் வித்தியாசம் தெரியவில்லை. தலைப்புக்காக வேறு எழுத்துருவுக்கு மாற்றியதும் போன் எண்ணில் இரண்டு இடங்கள் மட்டும் மற்ற எண்களை விட அகலமாக, வேறு உயரத்தில் நின்றன. அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன். அன்றிலிருந்து போன் எண், தேதி, வீட்டு எண் எல்லாவற்றையும் அழித்துவிட்டு என் கையாலேயே மறுபடி அடிக்கிறேன்.

தமிழைச் சரியாகக் காட்டும் பழைய அடோபி பதிப்புகள் சிலவற்றில் பர்மிய அடுக்கெழுத்து, அதாவது ஒரு மெய்க்குக் கீழே இன்னொரு மெய் உட்காரும் எழுத்து, உடைந்து வரும். அப்போது பர்மியப் பகுதியை மட்டும் லிப்ரே ஆபீஸில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, அந்தப் பிடிஎஃபை வடிவமைப்பில் படம் போல வைத்துவிடுங்கள். எழுத்து வெக்டராகவே, அதாவது கோட்டு வடிவமாகவே, இருக்கும், மங்காது. வரி இடைவெளியையும் தாராளமாக விடுங்கள். தமிழில் ‘கி’, ‘கீ’ போன்றவற்றுக்கு மேலே விசிறி, பர்மியத்தில் கீழே அடுக்கு. இரண்டும் மேலும் கீழும் வரும் பத்திரிகையில் எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்கு இடைவெளி இல்லாவிட்டால் ஒன்றோடு ஒன்று முட்டும்.

‘ஸ்ரீ’ இரண்டாகப் பிரிந்துவிட்டது

பத்திரிகையின் முதல் வரியே பெரும்பாலும் இதுதான். ஸ்ரீயை யூனிகோடில் இரண்டு வழியில் எழுத முடியும். பழைய வழியில் ‘ஸ’வில் தொடங்கும். 2005இல் ‘ஶ’ என்ற எழுத்து யூனிகோடில் சேர்ந்த பிறகு அதில் தொடங்கும் வழியும் வந்தது. சில எழுத்துருக்களுக்கு ஒரு வழி மட்டும்தான் தெரியும். தெரியாத வழியில் அடித்தால் புள்ளி வைத்த எழுத்தும் ‘ரீ’யும் தனித்தனியே நிற்கும். போனில் அடித்தது ஒரு வகை, கணினியில் அடித்தது இன்னொரு வகை என்று ஒரே அட்டையில் இரண்டும் கலந்து வருவதும் உண்டு. மற்ற வழியில் அடித்துப் பாருங்கள். சேர்ந்துவிட்டால் அதையே எல்லா இடத்திலும் தேடி மாற்றிவிடுங்கள்.

என் கணினியில் சரி, அச்சகத்தில் திறந்ததும் எழுத்து மாறிவிட்டது

அவர்களிடம் அந்த எழுத்துரு இல்லை. வேர்டு கோப்பாகக் கொடுத்தால் இது நடந்தே தீரும். எழுத்து மாறும், வரி நீளும், கடைசி வரி அடுத்த பக்கத்துக்குப் போகும்.

தமிழ்ப் பத்திரிகைக்கு நான் ஒரே ஒரு வழியைத்தான் நம்புகிறேன். எழுத்து முழுவதையும் கோட்டுருவமாக மாற்றிவிடுவது. இல்லஸ்ட்ரேட்டரில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ‘கிரியேட் அவுட்லைன்ஸ்’, கோரல்டிராவில் ‘கன்வர்ட் டு கர்வ்ஸ்’. மாற்றிய பிறகு அது எழுத்து இல்லை, கோட்டுப் படம். எந்தக் கணினியிலும் கொம்பு நகராது. ஆனால் பிழை திருத்தவும் முடியாது. அதனால் மாற்றும் முன் ஒரு பிரதியைத் தனிப் பெயரில் சேமியுங்கள். நான் கோப்பின் பெயரிலேயே ‘திருத்த’, ‘அச்சுக்கு’ என்று எழுதி வைப்பேன்.

நூறு பக்க விழா மலருக்கு இப்படிச் செய்தால் கோப்பு தூக்க முடியாமல் கனக்கும். அதற்கு எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் போதும். அக்ரோபாட்டில் டாக்குமென்ட் பிராபர்ட்டீஸ் போய் ஃபான்ட்ஸ் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘எம்பெடட்’ என்று இருக்க வேண்டும்.

எழுத்தை ஜேபிஜி படமாகக் கொடுத்துவிட்டால் தொல்லையே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். தொல்லை அச்சில் தெரியும். எழுத்தின் விளிம்பு மணல் கொட்டியது போல வரும்.

பிள்ளையார் சுழி வெட்டுப்பட்டது, அல்லது ஓரத்தில் வெள்ளைக் கோடு

இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகம். அச்சடித்த தாள்கள் கட்டுக்கட்டாகக் கத்திக்குக் கீழே போகின்றன. கத்தி இறங்கும்போது கட்டு லேசாக இழுபடும். மேல் தாளுக்கும் அடித் தாளுக்கும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வருவது சாதாரணம். உங்கள் பின்னணி நிறம் அட்டையின் ஓரத்தோடு நின்றிருந்தால் அந்த ஒரு மில்லிமீட்டரில் வெள்ளைத் தாள் எட்டிப் பார்க்கும். உங்கள் எழுத்து ஓரத்தை ஒட்டி இருந்தால் கத்தி அதைத் தின்றுவிடும்.

பின்னணியை நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டுங்கள். இதைத்தான் பிளீட் என்கிறார்கள். ஏ4 அளவு 210க்கு 297 மில்லிமீட்டர் என்றால், கோப்பு 216க்கு 303 இருக்க வேண்டும். எழுத்தெல்லாம் வெட்டுக் கோட்டிலிருந்து குறைந்தது 5 மில்லிமீட்டர் உள்ளே.

நம் பத்திரிகைகளில் முதலில் பலியாவது மேலே நடுவில் இருக்கும் அந்தச் சின்ன ‘உ’தான். மற்ற எல்லாம் அடுக்கி முடித்த பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் அதைத் திணிக்கிறோம். ஒரு கட்டில் மேலே இருந்த பத்திரிகைகளில் சுழி முழுதாக இருந்தது. கீழே போகப் போகத் தலை குறைந்துகொண்டே வந்து, கடைசி அட்டைகளில் கோடு மட்டும் மிஞ்சியதை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சுழியை முதலில் வைத்துவிட்டு, மற்றதை அதற்குக் கீழே அடுக்குங்கள். சுற்றி மெல்லிய தங்கக் கட்டம் போடும் ஆசையையும் விட்டுவிடலாம். கத்தி அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிந்தும் தெரியும்.

கேன்வாவில் செய்தால் பதிவிறக்கும்போது ‘பிடிஎஃப் பிரிண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பிளீடுக்கும் வெட்டுக் குறிக்கும் உள்ள கட்டத்தைத் தொடுங்கள். அதற்கு முன் பின்னணிப் படத்தை ஓரம் தாண்டி இழுத்துவிட்டிருக்க வேண்டும். இழுக்காவிட்டால் பிளீட் இருக்கும் இடத்தில் வெள்ளைதான் இருக்கும்.

சாமி படம் மங்கலாக, கட்டம் கட்டமாக வருகிறது

படம் எப்படி வந்து சேர்ந்தது என்று கேளுங்கள். வைபரிலோ மெசெஞ்சரிலோ ‘போட்டோ’வாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத்தான் வந்து சேரும். அதே படத்தை ‘ஃபைல்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். டெலிகிராமிலும் அந்த வசதி உண்டு.

கணக்கு எளிது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி (பிக்சல்) வேண்டும். 5க்கு 7 அங்குல அட்டை முழுவதும் படம் என்றால் 1500க்கு 2100 புள்ளி. போனில் செய்த 1080க்கு 1080 சதுரப் படம் 3.6 அங்குலத்துக்குத்தான் தாங்கும். இணையத்தில் எடுத்த 600 புள்ளி அகல முருகன் படத்தை 5 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 120 தான் கிடைக்கும்; வேல் முனை படிக்கட்டு போலத் தெரியும். ஃபோட்டோஷாப்பில் எண்ணை மட்டும் 300 என்று மாற்றினால் புதிதாக விவரம் பிறந்துவிடாது. கோயில் சாமியையே நல்ல வெளிச்சத்தில், அனுமதி கேட்டு, நல்ல போனில் எடுத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கும் தெளிவாக இருக்கும், ஊருக்கும் தங்கள் சாமி தெரியும்.

வாசலில் கட்டும் வினைல் பேனருக்கு இவ்வளவு வேண்டாம். தூரத்திலிருந்து பார்ப்பது. 6க்கு 3 அடிக்கு அங்குலத்துக்கு 100 புள்ளி, அதாவது 7200க்கு 3600 போதும்.

மயில் நீலம் கத்தரிப்பூ நிறமாக வந்திருக்கிறது

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு, தாளின் மேல் நாலு மையால் காட்டுகிறது. ஆர்ஜிபியில், அதாவது திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளி முறையில், செய்த கோப்பைச் சிஎம்ஒய்கேவுக்கு, அதாவது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மை முறைக்கு, மாற்றும்போது பளீரென்ற நீலம், கிளிப்பச்சை, ஆரஞ்சு மூன்றும் அடங்கிவிடும். தொடங்கும்போதே சிஎம்ஒய்கேவில் தொடங்கினால் கடைசியில் ஏமாற்றம் இல்லை. கேன்வாவின் இலவசக் கணக்கில் ஆர்ஜிபிதான் கிடைக்கும். மாற்றத்தை அச்சகம் செய்யும், நிறம் அவர்கள் கையில்.

நீலத்தில் சயான், மெஜந்தா இரண்டும் 100 சதவீதம் இருந்தால் ஊதாதான் வரும். சயான் 100 என்றால் மெஜந்தாவை 65க்குள் நிறுத்துங்கள். குங்குமச் சிவப்புக்கு மெஜந்தா 100, மஞ்சள் 100. மஞ்சள் கிழங்கு நிறத்துக்கு மஞ்சள் 100, மெஜந்தா 20. தங்க நிறம் நாலு மையில் வராது, பழுப்பாகத்தான் வரும். பளபளப்பு வேண்டும் என்றால் தங்க மை அல்லது ஃபாயில் (மெல்லிய தங்கத் தகடு ஒட்டுவது) என்று சொல்லி, அந்தப் பகுதியைத் தனி நிறமாகப் பிரித்துக் கொடுங்கள்.

ஒரே நிறத்தில் நோட்டீஸ் அடிக்கும்போது, உதாரணமாகச் சிவப்பு மட்டும், கோப்பு முழுவதையும் கறுப்பு 100இல் செய்து கொடுத்து, ‘சிவப்பு மையில் ஓட்டுங்கள்’ என்று எழுதுங்கள். சிவப்பாகவே செய்து கொடுத்தால் அது மெஜந்தா, மஞ்சள் என இரண்டு பிளேட்டாகப் பிரியும். செலவும் கூடும்.

சின்ன எழுத்து நிழலடிக்கிறது, புள்ளி காணாமல் போகிறது

இதைத் தமிழர்கள்தான் கவனித்தாக வேண்டும். ஆர்ஜிபி கறுப்பு மாறும்போது நாலு மையும் சேர்ந்த கறுப்பாகிவிடும். மெஷினில் ஒரு மை இழையளவு நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் விழும். எழுத்துக்குக் கறுப்பு 100 மட்டும், மற்ற மூன்றும் சுழியம். அக்ரோபாட் புரோவில் ‘அவுட்புட் பிரிவியூ’ திறந்து கறுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். எழுத்து முழுதாக மறைந்தால் சரி. மங்கலாக மிஞ்சினால் நாலு மை எழுத்து. பெரிய கறுப்புப் பின்னணிக்கு மட்டும் சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று கூட்டலாம்.

அடர்ந்த பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் மை நாலு புறத்திலிருந்தும் உள்ளே பரவும். ஆங்கிலம் தாங்கும். தமிழில் முதலில் அடைபடுவது புள்ளி. புள்ளி போனால் சொல்லே வேறு. ‘கண்’ணில் புள்ளி அடைந்தால் ‘கண’ என்று நிற்கும். பர்மியத்திலும் அப்படித்தான். அங்கே பல எழுத்துகள் வட்டத்தில் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதால் மட்டுமே வேறுபடுகின்றன. வாய் அடைந்தால் வேறு எழுத்து. வெள்ளை எழுத்துக்கு 10 பாயிண்ட் அளவுக்குக் கீழே போகாதீர்கள், தடித்த வகையையே போடுங்கள். பளபளப்பில்லாத தாளில் மை இன்னும் ஊறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரு துணைச் செய்தி. பத்திரிகை மூலைகளில் மஞ்சள் தடவப் போகிறீர்கள் என்றால் பளபள லாமினேஷன் வேண்டாம். மஞ்சள் பிடிக்காமல் வழுக்கி, பக்கத்து அட்டையில் ஒட்டும்.

திரையில் இருந்த பெயர் அச்சில் இல்லை

வெள்ளை எழுத்தில் ‘ஓவர்பிரிண்ட்’, அதாவது பின்னணியில் துளை விடாமல் அதன் மேலேயே அடிக்கச் சொல்லும் குறி, இயங்கியிருக்கிறது. முன்பு கறுப்பாக இருந்த எழுத்தை வெள்ளையாக மாற்றும்போது இந்தக் குறி அதோடு தங்கிவிடும். வெள்ளைக்கு மை கிடையாது, பின்னணியில் துளையும் விழாது, எழுத்து மறைந்துவிடும். ஓவர்பிரிண்ட் பிரிவியூவை இயக்கிப் பார்த்தால் திரையிலேயே மறைவது தெரியும். குறியை எடுத்துவிடுங்கள்.

பிடிஎஃபில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தால், பெரிதாக்கிப் பாருங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் அதே மெல்லிய கோடாகவே இருந்தால் அது திரையின் தோற்றம், பெரும்பாலும் அச்சில் வராது.

விழா மலரில் பக்கங்கள் கூடவில்லை

நடுவில் பின் அடிக்கும் புத்தகம் நாலின் மடங்கில்தான் வரும். 22 பக்கம் எழுதியிருந்தால் 24 ஆக்குங்கள். நன்கொடையாளர் பட்டியலுக்கு இடம் கிடைக்கும். பக்கங்களை எதிரெதிராக அடுக்கிக் கொடுக்காதீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒற்றைப் பக்கங்களாகக் கொடுங்கள். அடுக்குவது அவர்கள் வேலை.

கோப்பு திறக்கவே இல்லை

சேமிக்கும்போது மின்சாரம் போயிருக்கும், அல்லது விபிஎன் அறுந்து பாதி மட்டும் போய்ச் சேர்ந்திருக்கும். அனுப்பும் முன் ஜிப் ஆக்குங்கள். முழுதாகச் சேராத ஜிப் திறக்க மறுக்கும், அப்போதே தெரிந்துவிடும். ஜிப் இல்லாமல் போன கோப்பு சில சமயம் திறந்தும் படம் இல்லாமல் நிற்கும். பென் டிரைவில் கோப்புக்குப் பதில் குறுக்குவழி (ஷார்ட்கட்) அம்புக்குறி போட்ட பெயர்கள் மட்டும் தெரிந்தால் வைரஸ் கோப்பை ஒளித்து வைத்திருக்கிறது. அந்தக் குறிகளைத் தொடாமல், வீட்டிலிருந்து வேறு வழியில் மறுபடி அனுப்புங்கள்.

அனுப்பும்போது

அச்சுக்கான பிடிஎஃபோடு, சரியாகத் தெரிகிற அதே பக்கத்தின் ஜேபிஜி ஒன்றையும் அனுப்புங்கள். ‘தமிழ் எழுத்து இந்தப் படத்தில் இருப்பது போலவே இருக்க வேண்டும், கோடு, புள்ளி எதுவும் மாறக் கூடாது’ என்று பர்மியத்தில் ஒரு வரி எழுதுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாதவரும் இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். என் அனுபவத்தில் அச்சகத்துத் தம்பிகள் இதை அக்கறையாகவே செய்கிறார்கள். ஒருமுறை ஒரு புள்ளி இல்லை என்று இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்தார்கள். அது பிளேட்டில் விழுந்த தூசி. தமிழ் தெரியாத ஒருவர் தமிழில் பிழை கண்டுபிடித்தார். அச்சுக்கான பிடிஎஃப் வகைகளில் எக்ஸ்-1ஏ வேண்டுமா, எக்ஸ்-4 வேண்டுமா என்றும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கருவி வைத்திருப்பவர்கள் எக்ஸ்-1ஏ கேட்பார்கள்.

ப்ரூஃப் தாளை, அதாவது பிழை பார்க்க எடுக்கும் சோதனைத் தாளை, வீட்டில் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கொடுத்து, விரல் வைத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணால் மட்டும் பார்த்தால் தெரிந்த பெயர்களை மனமே சரியாக வாசித்துவிடும். பர்மிய வரிகளை வேறு ஒருவர் படிக்கட்டும். இருவரும் தாளிலேயே கையெழுத்துப் போட்ட பிறகு பிளேட் போடச் சொல்லுங்கள்.

நாளையும் எண்ணிக்கொள்ளுங்கள். நம் சித்திரை முதல் நாளும் திங்யான் தண்ணீர்த் திருவிழாவும் ஏப்ரல் நடுவில் ஒரே வாரத்தில் வருகின்றன. அச்சகம் பூட்டிக் கிடக்கும். ஆண்டுக் கடைசியில் காலண்டர் வேலையில் மெஷின்கள் நிற்காது. சித்திரை நோட்டீஸ் கோப்பு மார்ச் மூன்றாவது வாரமே அச்சகத்தில் இருக்க வேண்டும், தை மாதக் கல்யாணப் பத்திரிகை நவம்பர் முடியும் முன்.